எறும்பு சொல்தாவின் வலது கால்

காரைக்காலில் இருந்த எறும்புகள் அத்தனையும் ஒரே ஒரு மனிதரை நம்பித்தான் குடும்பம் நடத்தின என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தலத்தெருவில் நான் குடியிருந்த வீட்டுக் கொல்லைக்கு வந்து பார்த்திருந்தால் நம்பியிருப்பீர்கள். கிணற்றடியைத் தாண்டி ஒரு முருங்கை மரம். அதன் அடியில் தேர் பார்க்க வந்த ஜனம் மாதிரி எறும்புகள் மொய்க்கும். கட்டெறும்பு, சிற்றெறும்பு, கடித்தால் நாள் முழுக்க எரிகிற செவ்வெறும்பு எல்லாம் தங்களுக்குள் சண்டை சச்சரவு இல்லாமல் வந்து போகும். அங்கே யாரும் சர்க்கரை கொட்டி வைக்கவில்லை. அது வீட்டுக்காரர் ஒதுங்குகிற இடம், அவ்வளவுதான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பிரெஞ்சு சர்க்காரின் பென்ஷன் காகிதத்தில் மட்டும் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். இவர் சைகோனையும் அல்ஜீரியாவையும் பார்த்துவிட்டு வந்த சொல்தா. முருங்கை மரத்து விஷயம் வெளியே கசிந்த பிறகு தெரு அவருக்கு எறும்பு சொல்தா என்று பெயர் சூட்டிவிட்டது. முகத்துக்கு நேராக எல்லோரும் 'முசியே' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவோம்.

எழுபதுகளின் நடுவில் மின்சாரத் துறையில் குமாஸ்தா வேலை கிடைத்து நான் காரைக்காலுக்கு வந்தேன். கல்யாணம் ஆகாத பையனுக்கு வீடு கொடுக்க ஊரே யோசித்தது. முசியே மட்டும் யோசிக்கவில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஐந்தரைக்கு என்றேன். மாடிச் சாவி என் கைக்கு வந்துவிட்டது.

குடிபோன கொஞ்ச நாளிலேயே ஒன்று தெரிந்தது. அந்த வீட்டில் ஐந்தரை வரைக்கும் தூங்குவது நடக்காத காரியம். இரவெல்லாம் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் விழுந்துகொண்டே இருக்கும். முசியே போவார், வருவார், ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார், மறுபடியும் போவார். அவர் மனைவி பிலோமின் அம்மா காலையில் நிரப்பிய பானை மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். வீட்டில் சாப்பிட்டு முடித்து, கடைத்தெருவுக்குப் போய் இரண்டு இடத்தில் பலகாரம் தின்றுவிட்டு, திரும்பி வந்ததும் என்ன குழம்பு என்று கேட்பார். இவ்வளவு தின்றும் ஆள் மெலிந்துகொண்டே போனார். அதில் அவருக்கு ஒரே பெருமை. சைகோனில் தைத்த சட்டை பல வருஷங்களுக்குப் பிறகு பொத்தான் போட வந்துவிட்டதாம். உடம்பு திரும்பவும் பட்டாளத்துக்குக் கிளம்புகிறது என்று என்னிடம் மார்பைத் தட்டிச் சொன்னார்.

எறும்புகளைப் பற்றிக் கேட்டதற்கு, அது முருங்கை மரத்தின் வாகு என்றார். பிலோமின் அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. முசியேயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாக டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றினார். முசியே கொடுத்ததில் சில சொட்டுகளை அதில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. நீலமாகவே இருந்தால் ஒன்றுமில்லை, செங்கல் நிறம் என்றால் சர்க்கரை தலைக்கு மேல் போய்விட்டது என்று டாக்டர் விளக்கினார். கண், சிறுநீரகம், நரம்பு ஒன்றையும் இந்த வியாதி விட்டுவைக்காது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் முசியேயின் காலைத் தொட்டார்.

"காலைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும். உங்களுக்கு உணர்ச்சி கொறைஞ்சு போச்சு. ஒரு புண்ணு வந்து ஆறலைன்னா கால எடுக்கறதத் தவிர வேற வழி இல்ல."

பிலோமின் அம்மாவின் காதில் அன்றைக்கு விழுந்தது இந்த ஒன்றுதான். முசியேயின் காதில் விழுந்தது, இனிமேல் இனிப்புக் கூடாது என்பது மட்டும்.

அந்தக் கால் சாதாரணக் கால் இல்லை. வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாளன்று, எங்கள் ஊர் சொல்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னம் வரைக்கும் அணிவகுத்துப் போவார்கள். முன்னால் கொடி பிடித்துப் போகிறவர் முசியே. அதற்காகவே ஒரு ஜோடி கறுப்புப் பூட்ஸ் வைத்திருந்தார். பூட்ஸ் மற்ற நாளெல்லாம் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் இருக்கும். ஜூலை பிறந்ததும் இறங்கி வந்து பாலிஷ் போட்டுக்கொள்ளும். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும்.

உணர்ச்சி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை அவர் ஒரு பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார். உச்சி வெயிலில் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நடந்து காட்டினார். மீன்காரர்களே காலை மாற்றி மாற்றி வைத்துத் துள்ளுகிற மணல் அது. சைகோனில் பழக்கப்பட்ட கால் என்று அவர்களிடம் அளந்துவிட்டு வந்தார். ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார். இன்னொரு செருப்பு எங்கே என்று பிலோமின் அம்மா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலில் வந்தார் என்று ஒன்றும் தெரியவில்லை. எவனோ காலில் இருக்கும்போதே திருடிவிட்டான் என்று சாதித்தார். தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் அவரை உட்கார வைத்து, உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது குழாயில் நீலம் வந்தாக வேண்டும் என்று முசியே முடிவு செய்தார். இனிப்பை விடுவது ஒரு வழி. அது அவருக்குத் தோன்றவில்லை. காலையில் மாடிக்கு வந்து, கையில் ஒரு காலி சீசாவை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கைமாற்றாகக் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் தாராள மனசுக்காரர், கொடுத்துவிட்டார். டாக்டர் விளக்கில் காட்டியதும் குழாய் முன்பைவிட மோசமான செங்கல் நிறத்துக்கு வந்தது. இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சத்தம் போட, முசியே பதறிப்போய் உண்மையை உளறிவிட்டார். தையல்காரருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் எதையும் சுலபத்தில் கொடுக்கவில்லை.

மாத்திரைக்கு அடங்காமல் ஊசிக்கு வந்தது வியாதி. மண்பானைத் தண்ணீரில் மருந்து சீசா மிதக்கும். கண்ணாடி ஊசியை வெந்நீரில் போட்டு எடுத்துப் பிலோமின் அம்மாவே குத்துவார்கள். அல்ஜீரியாவில் குண்டுக்கு நடுவே படுத்திருந்ததாகக் கதை சொல்கிற மனிதர், ஊசியைக் கண்டால் மாதா கோயிலுக்கு ஓடி ஒளிந்துகொள்வார்.

ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஊர் சுற்றிவிட்டு வந்தார். திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்ட, பனியனோடு தெருவில் வந்து நின்றார். "கார்தவூ" என்று ஓங்கிக் குரல் கொடுத்தார். நேராக நில் என்று பிரெஞ்சில் போடுகிற கட்டளை அது. தையல்காரர், தயிர்க்காரம்மா, அந்தப் பக்கமாகப் போன ஒரு பசுமாடு எல்லோரையும் வரிசையில் நிறுத்தப் பார்த்தார். குடித்திருக்கிறார் என்றார்கள் சிலர், காத்துக் கருப்பு என்றார்கள் சிலர். டாக்டர் வந்து சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதும் ஆள் தெளிந்தார். சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கினால் புத்தி இப்படித்தான் தடுமாறும், உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்காவிட்டால் ஆள் போய்விடுவார் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

இந்தச் செய்தி முசியேயின் காதில் விழுந்திருக்கக் கூடாது. அதிலிருந்து அவருக்கு இனிப்பு ஆசை வந்த போதெல்லாம் பிரெஞ்சும் வந்தது. டீக்கடை வாசலில் நின்று இரண்டு கட்டளை போட்டால் போதும், நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீ ஓடி வரும். தையல்காரர் தன் வீட்டில் தனக்கு மறுக்கப்பட்ட வெல்லத்தை எடுத்துக்கொண்டு பாய்ந்து வருவார். பிலோமின் அம்மாவும் பயந்துபோய் ஊற்றிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். வேர்த்த மாதிரி தெரிய முசியே கிணற்றுத் தண்ணீரை நெற்றியில் தெளித்துக்கொண்டு வந்து நிற்பார். ஒருநாள் அவசரத்தில் அதிகமாக ஊற்றிக்கொண்டதில் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது, அன்றைக்கு மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆபத்துக்கென்று ஒரு பொட்டலம் குளுக்கோஸை மட்டும் அந்த அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார்கள். மற்ற சர்க்கரை, வெல்லம், பலகாரம் எல்லாம் தேக்கு அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. அதன் சாவி ஒரு விரல் நீளம், பல் பல்லாக இருக்கும் பழைய இரும்புச் சாவி. அரிசிப் பானையில் ஒளித்தார்கள், எடுத்துவிட்டார். மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார்கள், மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எடுத்துவிட்டார். கோழிக் கூண்டில் வைத்தார்கள், கோழியிடம் கொத்து வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டார். கண்ணிவெடி தேடிய கை இது என்று என்னிடம் பெருமையாக நீட்டிக் காட்டினார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன் உயிரைக் காப்பாற்ற ஒருத்தி இப்படி ஓடிக்கொண்டிருக்க, இந்த மனிதர் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்கிறாரே என்று இருந்தது.

அந்த வருஷம் ஜூலைத் திருநாள் முடிந்த மறுவாரம், நாகூரிலிருந்து ஒரு டப்பா தம்ரூட் வந்தது. ரவை, பால், முட்டை, நெய் எல்லாம் சேர்த்துக் கிண்டி, மேலே சிவக்கச் சுட்டு எடுக்கிற பலகாரம். பாண்டிச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பிள்ளைகளோடு வருவதாக இருந்ததால் பிலோமின் அம்மா சொல்லி வாங்கியது. கடைக்காரர் சணல் கயிற்றால் இறுக்கக் கட்டிக் கொடுத்த டப்பாவை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அன்று சாயங்காலம் கிணற்றடியில் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"தம்பி, இந்தத் தடவ அவரால கண்டுபுடிக்கவே முடியாது. அவரு பூட்ஸுக்குள்ளயே போட்டுட்டேன். இனிமே அடுத்த ஜூலைக்குத்தான அதத் தொடுவாரு."

நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். யார் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

சில நாள் கழித்து ஊரில் இன்னொரு சொல்தா மாரடைப்பில் இறந்துபோனார். ஒரு சொல்தா இறந்தால் மற்ற சொல்தாக்கள் பட்டாள உடுப்பும் பதக்கமும் பூட்ஸுமாகப் பெட்டிக்குப் பின்னால் கல்லறை வரைக்கும் போவது வழக்கம். பிலோமின் அம்மா விடிந்ததும் விடியாததுமாக இழவு வீட்டுக்குப் போய்விட்டார்கள், இறந்தவரின் மனைவிக்கு ஆறுதலாக இருக்க. போன அவசரத்தில் பூட்ஸை நினைக்கவில்லை. முசியே தானாகவே உடுத்திக்கொண்டு, அலமாரி மேலிருந்த பூட்ஸை இறக்கி, காலுறையோடு காலை நுழைத்து, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

நானும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். வீட்டிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து கல்லறைக்கு, ஆடி மாத வெயிலில் கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். மற்றவர்கள் வேர்த்து விறுவிறுத்துக் காலை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் மட்டும் ஒரு அடி பிசகவில்லை. குழிக்குப் பக்கத்தில் ஜெபம் முடியும் வரை அசையாமல் நின்றார். இந்த வயதில் இப்படி நிற்க முசியேயால் மட்டும்தான் முடியும் என்று என் பக்கத்தில் நின்றவர் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உடுப்பைக் களையாமல் உட்கார்ந்து, செத்துப்போனவரின் வீரப் பிரதாபங்களை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிலோமின் அம்மா இழவு வீட்டிலிருந்து வந்தார்கள். அலமாரி மேலே பார்த்தார்கள். வெறும் துணி மட்டும் கிடந்தது. பிறகு அவர் காலைப் பார்த்தார்கள். கீழே உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். இடது பூட்ஸ் லேசாகக் கழன்றது. வலது பூட்ஸைக் கழற்றியபோது காலுறை கறுப்பாக ஈரமாக இருந்தது. சாவி கீழே விழவில்லை. காலுறையைக் கிழித்துக்கொண்டு உள்ளங்காலில் பதிந்து நின்றது.

முசியே யாரோ மூன்றாம் மனிதரின் காலைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார். வலிக்கவே இல்லையே என்றார். நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார், அதன்மேல் நின்றிருக்கிறார். சின்ன முள் குத்தினால் நம்மை உட்கார வைத்துவிடுகிற அந்த வலி எவ்வளவு பெரிய காவல் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு அந்தக் காவல் போய்விட்டிருந்தது.

பிலோமின் அம்மா தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். கண்ணீர் கொட்டியது. இரண்டு கையாலும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். நாந்தான் வெச்சேன், என் கையால நானே வெச்சேன், கால எடுத்துருவாங்களே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் கையைப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

முசியே காலை மறந்துவிட்டு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவகாசமாகச் சொன்னார்:

"அட கிறுக்கி. நீ வெச்ச அன்னிக்கே நான் கண்டுபுடிச்சிட்டேன். தெனம் தொறந்து தின்னுட்டு, திரும்ப பூட்ஸுக்குள்ள போட்டு வெச்சது நாந்தான். இன்னிக்கி அவசரத்துல எடுக்க மறந்துட்டேன். சார், நம்பலன்னா அலமாரியத் தொறந்து அந்த டப்பாவ எடுத்தாங்க. பாதி இருக்காது."

சாவியைத் தானே பிடுங்கி, துடைத்து, என்னிடம் நீட்டினார். நான் உள் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். டப்பா அங்கே இருந்தது. கடைக்காரர் கட்டிய சணல் கயிறு, போட்ட முடிச்சுக் கலையாமல் அப்படியே இருந்தது. முசியேயின் விரல்கூட அதன்மேல் பட்டிருக்கவில்லை.

கூடத்தில் அந்த அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். தம்ரூட்டை வாயில் அடைத்து விழுங்கினேன். ஒரு விள்ளலுக்கே திகட்டுகிற பலகாரம் அது. நான் கை நிறைய அள்ளி அள்ளித் தின்றேன். தொண்டை அடைத்தது, கண்ணில் நீர் வந்தது, அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது. வயிறு கொள்ளாததைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். பாதி டப்பாவோடு கூடத்துக்கு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா, பாதிதான் இருக்கு" என்றேன்.

பிலோமின் அம்மா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அடித்துக்கொண்ட கை நின்றது. பிறகு வாய் திறந்தது. அடப் பாவி மனுஷா என்று ஆரம்பித்து, அவருடைய நாக்கு, வயிறு, வம்சம், பட்டாளம், பிரெஞ்சு சர்க்கார் எதையும் விடாமல் ஏசித் தீர்த்தார்கள். தெருவே வாசலில் கூடிவிட்டது. முசியே தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து நெய் ஒழுக ஒழுக நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

புண் ஆறவில்லை. டாக்டர் தினமும் வந்து கட்டுப் போட்டார், ஊசியைக் கூட்டினார், முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு விரல் கறுத்தது, பிறகு பாதம் கறுத்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இந்த வியாதிக்கு அவசரம் என்பதே கிடையாது. ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கப் பார்க்கத்தான் எடுத்துக்கொண்டு போகும்.

ஆஸ்பத்திரியில் அவரோடு தனியாக இருந்தபோது, எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"அவ அழுதா என்னால தாங்க முடியாது சார். ஏசுனா தாங்கிக்குவேன், கல்யாணம் ஆன நாள்லேருந்து பழக்கம்."

அந்தப் பழக்கத்துக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமில்லை. ஒரு டப்பா தம்ரூட்டுக்குக் காலைக் கொடுத்தவர் என்று ஊர் சிரித்தது. டீக்கடையில் ஆள் ஆளுக்குக் கதை கட்டினார்கள். மகள் பாண்டிச்சேரியிலிருந்து வந்து, தன் காலைத் தானே தின்ற மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு அப்பாவிடம் பேசவே இல்லை. பேரப்பிள்ளைகளையும் அனுப்பவில்லை. அந்த வீட்டில் அவர் அதிகம் ஏங்கியது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். நான் மகளிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மகளுக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், சொன்னால் மாடியைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று மிரட்டினார். கண்ணைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடுத்த ஜூலையில் இடது பூட்ஸுக்கு மட்டும் பாலிஷ் போட்டு, மாட்டிக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொடி வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அணிவகுப்புத் தெருமுனையைக் கடந்தபோது உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தார். பக்கத்தில் நின்ற பிலோமின் அம்மா, தின்னுபுட்டுத் திண்டாடுறத பாரு என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கண் போனது. வெள்ளை அங்கியில் வந்த பங்குச் சாமியாரைப் பார்த்து யாரோ அம்மணி என்று நினைத்து 'போன்ழூர் மதாம்' என்று வணக்கம் சொன்னார். சாமியார் நல்லவர், தானும் போன்ழூர் சொல்லிவிட்டுப் போனார். தெருவுக்கு அது ஒரு வாரச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பதுகள் பிறந்து சில வருஷத்தில் சிறுநீரகமும் கைவிட்டது. முகம் ஊதி, மூச்சு வாங்கி, எதைக் கொடுத்தாலும் ருசியே இல்லை என்றார். கடைசியில் அந்த அம்மாவே மனசு கேட்காமல் சர்க்கரை போட்டுப் பால் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

டாக்டர் கை விரித்த பிறகு செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்காகச் சாமியார் வந்தார். முசியே அவரைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு முதலில் என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒரு சந்தேகம் சார். பாவசங்கீர்த்தனத்துல ஒண்ண மறைச்சாலும் மொத்தமும் செல்லாது. அந்தப் பொய்ய என்ன பண்றது?"

நான் வேறு மதத்துக்காரன், எனக்கு என்ன தெரியும். சாமியார் யாரிடமும் சொல்லமாட்டார், தைரியமாகச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொல்றது கஷ்டமில்ல சார். சொன்னா அதுக்காக மனஸ்தாபப்படணும், செஞ்சது தப்புன்னு மனசார வருந்தணும், இனிமே செய்யமாட்டேன்னு சொல்லணும். எனக்குதான் மனஸ்தாபம் வரலியே. நாளைக்கே அவ அப்படி அழுதா, நாளைக்கும் அதத்தான் சொல்வேன்."

அப்படியானால் என்ன ஆகும் என்று கேட்டேன். உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று உண்டு, மோட்சத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் வேகவைக்கிற இடம், அங்கே ரொம்ப நாள் கிடக்க வேண்டியிருக்கும் என்றார். பயந்துதான் போயிருந்தார். பயந்துகொண்டே, சாமியாரை வரச்சொல்லுங்கள் என்றார்.

சாமியார் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார். முசியே என்ன சொன்னார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. அந்த வாரமே அவர் போய்விட்டார். பெட்டியை மூடும்போது பிலோமின் அம்மா, தின்னு தின்னே என்னை விட்டுட்டுப் போனியே பாவி மனுஷா என்று ஏசி ஏசி அழுதார்கள். கடைசி வரைக்கும் தன் கையைத் தானே வெறுக்காமல் அழுதார்கள். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். சவக்குழி வரைக்கும் நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அந்த அம்மாவும் இல்லை, அதனால் எழுதுகிறேன். பாண்டிச்சேரியில் இருக்கும் அந்த மகள் கண்ணில் இது பட வேண்டும். அம்மா, உங்கள் அப்பா அந்த டப்பாவைத் தொடவில்லை.

மற்றபடி அந்த உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தம்ரூட்டில் பாதியைத் தின்றவன் நான். முசியே இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால், அவர் பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் போட்டு வையுங்கள். அவர் இல்லாத மோட்சம் எனக்கு வேண்டாம்.